சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கே போவது? ஏ.ஏ. கூட்டத்துக்கு முதல் முறை போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காலையில் எடுக்கிற முடிவு சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கும். பல் தேய்க்கும்போது குமட்டும், கை நடுங்கும், வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். "இனிமேல் குடியைத் தொடவே மாட்டேன்" என்று அப்போது சொல்வது பொய்யே இல்லை. முழு மனதோடுதான் சொல்கிறோம். ஆனால் வேலை முடிந்து ஆறரை மணிக்கு வண்டியை எடுத்தால் அது தானாகக் கடைப் பக்கம் திரும்பும். எனக்கு 14 வருடம் அப்படித்தான் போனது. மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். கோயிலில் கயிறு கட்டினேன். ஐயப்பனுக்கு மாலை போட்ட நாட்களில் ஒரு சொட்டுகூடத் தொடாமல் இருந்தேன், மாலையைக் கழற்றிய அன்று இரவே விழுந்து கிடந்தேன்.

கடைசியாகக் குடித்து இப்போது 11 வருடம் ஆகிறது. அந்த ஆறரை மணிக்குப் போக எனக்கு வேறொரு இடம் கிடைத்ததுதான் காரணம். அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, போகும் முன் என்ன செய்வது, உள்ளே போனால் என்ன நடக்கும், தொடர்ந்து போவது எப்படி என்று தெரிந்தவரை எல்லாவற்றையும் எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் வெட்கத்தால் மறைக்கவில்லை. ஊடகங்களில் பெயரும் முகமும் காட்டக் கூடாது என்பது ஏ.ஏ.வின் மரபு.

ஏ.ஏ. என்பது என்ன

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதன் சுருக்கம்தான் ஏ.ஏ. குடியால் அடிபட்டவர்கள், குடியை நிறுத்த ஒருவருக்கொருவர் துணையாக உட்காரும் கூட்டம். ஆஸ்பத்திரி இல்லை, மறுவாழ்வு மையமும் இல்லை. சம்பளம் வாங்கும் ஆலோசகர் அங்கே கிடையாது. சேர ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. நிறுத்தியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, ஆசை இருந்தால் போதும்.

இது தொடங்கிய கதையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1935 மே மாதம். பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குச்சந்தைக்காரர், குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆன நிலையில், ஒரு வேலையாக ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகருக்குப் போகிறார். போன காரியம் தோல்வி. தெரியாத ஊர், தனியாக ஒரு ஹோட்டல். ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சத்தம், இன்னொரு பக்கம் டெலிபோன். அவர் டெலிபோனை எடுத்தார். தன்னைப் போலவே குடியோடு போராடும் யாராவது இந்த ஊரில் இருக்கிறார்களா, அவரோடு பேச வேண்டும் என்று ஒரு பாதிரியாரைக் கேட்டார், அவர் தந்த பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். அப்படிக் கிடைத்தவர்தான் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை டாக்டர். 15 நிமிடம்தான் தருவேன் என்று வந்தவர், மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார். டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த நாளான 1935 ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ.வின் பிறந்தநாளாக வைத்திருக்கிறார்கள். இந்தியாவுக்கு இது 1957-இல் டெல்லி வழியாக வந்தது.

"வெறும் பேச்சுதானே, அதில் என்ன ஆகும்?" என்று என் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் கோக்ரேன் என்ற அமைப்பு 2020-இல் வெளியிட்ட தொகுப்பு, 27 ஆய்வுகளையும் அவற்றில் இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களையும் அலசியது. தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில், ஏ.ஏ.வும் அதை ஒட்டிய சிகிச்சையும் மற்ற மனநலச் சிகிச்சைகளுக்குச் சமமாகவோ சில இடங்களில் மேலாகவோ வேலை செய்கின்றன என்பது அதன் முடிவு. எல்லோருக்கும் பலிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வெறும் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது.

முதலில் டாக்டர், அப்புறம்தான் கூட்டம்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். தினமும் குடிப்பவர், அதிலும் காலையில் எழுந்ததும் கை நடுக்கத்துக்காகக் குடிப்பவர், டாக்டரைப் பார்க்காமல் ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலிருந்தே நடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு, தூக்கமின்மை ஆரம்பிக்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், செத்துப்போன அப்பாவோடு பேசுவார்கள், ஆளை அடையாளம் தெரியாது, உடம்பு கொதிக்கும். பேய் பிடித்துவிட்டது என்று நினைத்து மந்திரிக்கக் கூட்டிப்போகிற வீடுகள் இன்றும் இருக்கின்றன. அது அவசர சிகிச்சை வேண்டிய நிலை, உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. காலை புறநோயாளிகள் பகுதியில் சீட்டு வாங்கி அங்கே போகலாம். எவ்வளவு குடிக்கிறீர்கள், எத்தனை வருடமாக, கடைசியாக எப்போது என்பதை உள்ளபடி சொல்லுங்கள். "எப்பவாவது ஒரு குவார்ட்டர் சார்" என்று குறைத்துச் சொன்னால் மருந்தின் அளவும் தப்பாகிவிடும். நான் அப்படிப் பாதியாகச் சொல்லித்தான் முதல் முறை இரண்டு ராத்திரி தூங்காமல் கிடந்தேன். தெருமுனை கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வருவதும் போதாது. நாள்பட்டுக் குடித்த உடம்பில் பி1 வைட்டமின் வற்றிப் போயிருக்கும், அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். உண்மையைச் சொன்னால்தான் டாக்டருக்கு அது தெரியும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குடியை நிறுத்தும் மாத்திரை என்று எதையும் அவருக்குத் தெரியாமல் சாம்பாரிலோ காபியிலோ கலக்காதீர்கள். டைசல்ஃபிராம் என்ற மருந்து உடம்பில் இருக்கும்போது ஒருவர் குடித்தால் முகம் சிவந்து, மூச்சு திணறி, ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். டாக்டர் எழுதி, குடிப்பவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு கொடுக்க வேண்டிய மருந்து அது. "குடிப்பவருக்குத் தெரியாமலே நிறுத்தலாம்" என்று விளம்பரம் வரும் பொடிகளையும் வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

கூட்டம் எங்கே நடக்கிறது

தமிழ்நாட்டில் பெரிய ஊர்களில் அநேகமாகத் தினமும் எங்காவது ஒரு கூட்டம் நடக்கும். சின்ன ஊர்களில் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ. சாதாரணமாக மாலை ஆறரை அல்லது ஏழு மணிக்குத் தொடங்கி, ஒன்றேகால் அல்லது ஒன்றரை மணி நேரம் போகும். பள்ளி வகுப்பறை, சர்ச் வளாகத்தில் ஓர் அறை, சமுதாயக் கூடம், ஆஸ்பத்திரியின் பின்கட்டு என்று இடம் எதுவாகவும் இருக்கலாம். வாசலில் பெரிய போர்டு எதிர்பார்க்காதீர்கள். நீல நிற வட்டத்துக்குள் முக்கோணம், அதில் ஏ.ஏ. என்ற எழுத்து, ஓர் அட்டையில் கதவருகே மாட்டியிருக்கும். அவ்வளவுதான்.

கண்டுபிடிக்க எளிய வழி, ஏ.ஏ. இந்தியாவின் இணையதளம். அதில் மாநிலம், ஊர், கிழமை வாரியாகக் கூட்டங்களின் பட்டியலும் உதவி எண்களும் இருக்கும். பட்டியலை மட்டும் நம்பிக் கிளம்பாமல் ஒரு போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். பரீட்சை நேரத்தில் பள்ளி அறை கிடைக்காமல் இடம் மாறியிருக்கலாம். தைரியத்தைத் திரட்டிக்கொண்டு போன முதல் நாள் பூட்டிய கதவைப் பார்த்தால் கால் எங்கே திரும்பும் என்று நமக்குத் தெரியும்.

இணையம் பழக்கமில்லை என்றால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் இருக்கும் நர்ஸையோ சமூகப் பணியாளரையோ கேளுங்கள். பல இடங்களில் ஏ.ஏ. உறுப்பினர்களே வார்டுக்கு வந்து உள்நோயாளிகளோடு பேசுவது வழக்கம். அதனால் அவர்களுக்கு உள்ளூர் எண் தெரிந்திருக்கும். சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, ஊர் வழக்கில் டி.டி.கே. ஆஸ்பத்திரி, போன்ற பழைய சிகிச்சை நிலையங்களிலும் கேட்கலாம். 14446 என்பது போதை மீட்புக்கான தேசிய இலவச எண். மாநில அரசின் 104 மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது.

வெளியூர் ஷிப்ட் வேலை, பக்கத்தில் கூட்டமே இல்லாத கிராமம், வெளிநாடு என்று இருப்பவர்களுக்கு ஜூம் வழியாகத் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன. கேமராவை அணைத்துவிட்டு, பெயரைக்கூட மாற்றி வைத்துக்கொண்டு கேட்கலாம். ஆரம்பிக்க நல்ல வழிதான். ஆனால் நேரில் போக வழி இருப்பவர்கள் நேரில் போவதே நல்லது என்பேன். போனில் கேட்டு முடித்ததும் நாம் அதே கட்டிலில்தான் உட்கார்ந்திருப்போம்.

பணம் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏ.ஏ.வில் கட்டணம் கிடையாது, சந்தா கிடையாது. உங்களைச் சேர்க்க இவ்வளவு ஆயிரம் என்று யாராவது கேட்டால் அது ஏ.ஏ. கூட்டம் இல்லை, தனியார் மறுவாழ்வு மையமாக இருக்கும். அப்படி ஒரு மையத்தில் சேர வேண்டிய தேவை இருந்தால், மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். ஆளை வேனில் தூக்கிக்கொண்டு போகிறோம், அடைத்து வைத்துத் திருத்துகிறோம் என்று சொல்லும் இடத்துக்கு உங்கள் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

அந்த முதல் போன்

நான் நம்பரை அழுத்திவிட்டு மூன்று முறை கட் செய்தேன். நான்காவது முறை அந்தப் பக்கமிருந்தே திருப்பிக் கூப்பிட்டார்கள்.

பேச ஒன்றும் தயார் செய்ய வேண்டாம். "வணக்கம் சார், குடியை நிறுத்தணும்னு நினைக்கிறேன். மீட்டிங் எங்கே நடக்குது?" இது போதும். எடுப்பவர் ஆபரேட்டர் இல்லை, அவரும் ஒரு காலத்தில் இதே போனைச் செய்தவர். எதிர்முனையில் மௌனம் நீண்டால் அதன் அர்த்தம் அவருக்குத் தெரியும். ஊர், பக்கத்து பஸ் ஸ்டாப், எந்தக் கிழமை வசதி என்று கேட்பார். தனியாக வரத் தயங்கினால் சொல்லுங்கள், வாசலில் ஒருவர் வந்து நிற்பார். சில நேரம் இரண்டு பேராக வந்து உங்களைச் சந்திப்பார்கள். வீட்டுக்கு வர வேண்டாம், டீக்கடையில் பார்க்கலாம் என்றால் அதுவும் சரி.

முதல் நாள்

முடிந்தால் அன்று குடிக்காமல் போங்கள். குடித்துவிட்டீர்கள் என்றால்? அப்படியும் போங்கள். சத்தம் போடாமல் பின் வரிசையில் உட்கார்ந்து கேட்டால் யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள், பேசுவதை மட்டும் இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வெறும் வயிறு குடிக்கும் தாகத்தைக் கிளப்பும். பத்து நிமிடம் முன்னாலேயே போங்கள். வழியில் கடை இருந்தால் சுற்றிக்கொண்டு போகும் தெருவை முந்தின நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சட்டைப்பையில் பஸ்ஸுக்கும் டீக்கும் வேண்டிய பணத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

நான் போன இடம் ஓர் ஆரம்பப் பள்ளி. மூன்றாம் வகுப்பு. கரும்பலகையில் பெருக்கல் கணக்கு அழிக்காமல் இருந்தது. குழந்தைகளின் பெஞ்சில் பெரிய ஆட்கள் முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் செருப்பைக் கழற்றாமல், உடனே ஓடிவிட வசதியாகக் கதவு ஓரமாக நின்றேன். அறுபது வயது இருக்கும் ஒருவர், பிளாஸ்க்கோடு வந்தார். "வாங்க தம்பி, உட்காருங்க" என்றார். பெயர் கேட்கவில்லை. காகித கப்பில் டீ ஊற்றினார். பாதி மட்டும் ஊற்றினார். மற்றவர்களுக்கெல்லாம் நிரப்பிக் கொடுத்தவர் எனக்கு மட்டும் பாதி ஊற்றுகிறாரே என்று ஒரு கணம் சுருக்கென்றது. கப்பைக் கையில் வாங்கியபோது புரிந்தது. என் கை நடுக்கத்தில் கப் முழுக்க ஆடியது, ஆனால் ஒரு சொட்டும் சிந்தவில்லை. குடித்து முடித்ததும் மீதிப் பாதியை ஊற்றிவிட்டுப் போனார். அதைப் பற்றி அன்றும் அவர் ஒன்றும் சொல்லவில்லை, பிறகும் சொன்னதில்லை.

தெரிந்தவர் யாராவது இருந்தால் என்ன செய்வது என்பதுதான் எல்லோருக்கும் பெரிய பயம். எனக்கும் இருந்தது, அப்படியே நடந்தது. எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் இரண்டாவது பெஞ்சில் இருந்தார். அவரும் அதே காரணத்துக்காகத்தான் அங்கே வந்திருக்கிறார் என்பது உறைக்க எனக்கு ஒரு நிமிடம் ஆனது. இங்கே பார்த்த முகத்தையும் கேட்ட பேச்சையும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது முதல் ஒழுக்கம். கையெழுத்து, ஆதார், வருகைப் பதிவேடு எதுவும் கிடையாது. முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. சாதியும் வேலையும் யாரும் கேட்பதில்லை.

உள்ளே என்ன நடக்கும்

அன்றைக்கு நடத்துபவர் முன்னால் உட்காருவார். அவர் தலைவர் இல்லை, முறை வைத்து மாறுவார்கள். சில நொடி மௌனம் அல்லது ஒரு சின்னப் பிரார்த்தனை. பிறகு ஏ.ஏ. என்றால் என்ன என்ற அறிமுகத்தையும், குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் 12 படிகளையும் ஒருவர் வாசிப்பார். "முதல் முறையாக வந்திருப்பவர் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்பார்கள். கையைத் தூக்குவதும் தூக்காததும் உங்கள் இஷ்டம். தூக்கினால் கைதட்டி வரவேற்பார்கள்.

அப்புறம் பகிர்வு, எல்லோரும் ஷேரிங் என்றே சொல்வார்கள். ஒருவர் எழுந்து, "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்குவார். குடிக்கும்போது எப்படி இருந்தேன், எது நடந்து இங்கே வந்தேன், இப்போது எப்படி இருக்கிறேன் என்று தன் கதையைச் சொல்வார். யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். அறிவுரை சொல்ல மாட்டார்கள். அவர் முடித்ததும் அடுத்தவர். உங்கள் முறை வந்தால் "இன்றைக்குக் கேட்கத்தான் வந்தேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிடலாம். நான் முதல் 9 கூட்டங்களில் அந்த ஒரு வரியைத்தான் சொன்னேன்.

கேட்கும்போது ஒரு வேலை செய்யுங்கள். "இவர் அளவுக்கு நான் மோசமில்லை" என்று மனது கணக்குப் போடும். இவர் வீட்டை விற்றார், நான் விற்கவில்லை. இவருக்கு ஈரல் போய்விட்டது, எனக்குப் போகவில்லை. அந்தக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, எங்கே ஒத்துப்போகிறது என்று மட்டும் பாருங்கள். பாட்டிலை மோட்டார் ரூமில் ஒளித்து வைத்த கதையை ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் சொன்னபோது எனக்கு வியர்த்துவிட்டது. அது என் மோட்டார் ரூம்.

நடுவில் ஒரு பை அல்லது டப்பா சுற்றி வரும். அறை வாடகைக்கும் டீக்கும் உறுப்பினர்கள் போடுவது. புதிதாக வந்தவர் போட வேண்டியதில்லை. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது ஏ.ஏ. குழுக்கள் கடைப்பிடிக்கும் 12 மரபுகளில் ஏழாவது. குடியை விட்டு ஒரு வருடம், ஐந்து வருடம் ஆனவர்களுக்கு அன்றைக்குப் பிறந்தநாள் என்று பதக்கம் கொடுப்பார்கள். குடும்பமும் வந்திருக்கும். கேக் வெட்டும் மனைவியின் முகத்தைப் பாருங்கள்.

கூட்டங்களில் திறந்த கூட்டம், மூடிய கூட்டம் என்று இரண்டு வகை. திறந்ததில் குடும்பத்தாரும் நண்பர்களும் உட்காரலாம். மூடியது குடிப்பிரச்சினை தனக்கு இருக்கிறது என்று வருபவர்களுக்கு மட்டும். மனைவியோடு போவதாக இருந்தால் போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடவுள் பற்றிய தயக்கம்

சர்ச் வளாகத்தில் கூட்டம் என்றதும் என் அம்மா, "மதம் மாத்திருவாங்களோ?" என்று பயந்தார். அறை வாடகைக்குக் கிடைத்த இடம் அது, அவ்வளவுதான். ஏ.ஏ. எந்த மதத்தோடும் கட்சியோடும் நிறுவனத்தோடும் சேர்ந்ததில்லை. என் குழுவில் விபூதி வைத்தவரும் தொப்பி போட்டவரும் சிலுவை அணிந்தவரும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள்.

படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது, மறைக்க வேண்டியதில்லை. "நம்மைவிட மேலான சக்தி" என்றும் "நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்" என்றும் வரும். பெரியார் வழியில் வளர்ந்த ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார், குடியை விட்டு 16 வருடம். "எனக்கு மேலான சக்தி இந்த அறைதான்" என்று சொல்வார். என்னால் தனியாக முடியாததை இந்தப் பத்துப் பேரோடு சேர்ந்தால் முடிகிறது என்பது அவர் கணக்கு. அதற்கும் மனம் ஒப்பவில்லை என்றால் 1994-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்மார்ட் ரிக்கவரி என்ற அமைப்பு, கடவுள் பேச்சில்லாமல் மனப்பயிற்சி முறையில் கூட்டம் நடத்துகிறது. ஆங்கிலம் புரிந்தால் ஆன்லைனில் சேரலாம்.

பெண்களுக்கு

குடிக்கும் பெண்ணுக்கு இந்த ஊர் வைத்திருக்கும் பெயர்கள் என்னவென்று எனக்குத் தெரியும், அதனால்தான் பலர் வெளியே வராமலே உள்ளுக்குள் அழிகிறார்கள். உதவி எண்ணைக் கூப்பிட்டு, "ஒரு பெண் உறுப்பினரோடு பேச வேண்டும்" என்று கேளுங்கள், ஏற்பாடு செய்வார்கள். பெண்களுக்கு மட்டுமான கூட்டம் நகரங்களிலும் ஆன்லைனிலும் கிடைக்கும். உங்களுக்கு வழிகாட்டியாகப் பெண்ணையே வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் யாராவது தேவையில்லாமல் எண் கேட்டாலோ தொந்தரவு செய்தாலோ நடத்துபவரிடம் உடனே சொல்லுங்கள். தயங்காமல் வேறு கூட்டத்துக்கு மாறுங்கள். ஒருவரின் நடத்தைக்காக நீங்கள் மொத்தமாக விட்டுவிட வேண்டியதில்லை.

முதல் 90 நாள்

90 நாளில் 90 கூட்டம் என்பது ஏ.ஏ.வில் புழங்கும் பழைய யோசனை. தினமும் கூட்டம் இல்லாத ஊரில், கூட்டம் இருக்கும் நாளுக்கு நேரில் போய், மற்ற நாளுக்கு ஆன்லைனில் அல்லது போனில் பேசி நிரப்பிக்கொள்ளலாம். முதல் கூட்டம் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குணம் உண்டு. குறைந்தது ஆறு தடவை, இரண்டு மூன்று இடத்தில் போய்ப் பாருங்கள். மனது எங்கே ஒட்டுகிறதோ அதை உங்கள் சொந்தக் குழுவாக்கிக்கொள்ளுங்கள்.

ஐந்து பேரின் போன் நம்பரை வாங்குங்கள். வாங்கினால் போதாது, தாகம் இல்லாத நாளிலேயே கூப்பிட்டுச் சும்மா பேசிப் பழகுங்கள். நல்ல நாளில் கூப்பிட்டுப் பழகாத நம்பரைக் கெட்ட நேரத்தில் கை அழுத்தாது. பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நான்கில் எதையும் முற்ற விடாதீர்கள். தாகம் வந்தால் முதலில் எதையாவது சாப்பிடுங்கள். பையில் கடலைமிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள், நான் இன்றும் வைத்திருக்கிறேன். இன்று ஒரு நாள் மட்டும் முதல் கிளாஸைத் தொடாமல் இருப்பது என்பதுதான் கணக்கு. தீபாவளி வரைக்கும் தாங்குமா, தங்கை கல்யாணத்தில் என்ன செய்வேன் என்பதையெல்லாம் அந்தந்த நாளுக்கு விட்டுவிடுங்கள்.

விசேஷ வீடுகளைப் பற்றி: முதல் மூன்று மாதம் கல்யாணத்துக்குத் தாலி கட்டும் நேரத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள், முந்தின நாள் இரவு தங்காதீர்கள். துக்க வீட்டில் காரியம் முடிந்ததும் மாமன் மச்சான்கள் குடிக்க ஒதுங்குவார்கள், அந்த நேரம் அங்கே இருக்காதீர்கள். யாராவது குடிக்கக் கூப்பிட்டால் "மாத்திரை சாப்பிடுறேன், டாக்டர் கண்டிப்பாச் சொல்லிட்டார்" என்ற ஒரே பதிலைத் திருப்பித் திருப்பிச் சொல்லுங்கள். சம்பள நாளில் பணம் நேராக வீட்டுக்குப் போகும்படி செய்துவிட்டுக் கூட்டத்துக்குப் போங்கள்.

சில வாரம் போனதும் ஸ்பான்சர் வைத்துக்கொள்வது பற்றிப் பேச்சு வரும். உங்களுக்கு முன்னால் இந்த வழியில் நடந்த ஒருவர், 12 படிகளையும் உங்களோடு உட்கார்ந்து செய்ய உதவுபவர். பேச்சுத் திறமையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவர் வீட்டில் எப்படி இருக்கிறார், சொன்ன நேரத்துக்கு வருகிறாரா, போனை எடுக்கிறாரா என்று பாருங்கள். அவரிடம் கடன் கேட்காதீர்கள், அவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். மனநல மாத்திரையை நிறுத்தச் சொல்ல அவருக்கோ கூட்டத்தில் வேறு யாருக்குமோ உரிமை இல்லை. "மாத்திரையும் ஒரு போதைதான்" என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு, மாத்திரையைத் தொடருங்கள். அது உங்கள் டாக்டரின் விஷயம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

குடிப்பவர் வர மறுத்தாலும் நீங்கள் தனியாகப் போக ஓர் இடம் இருக்கிறது. அல்-அனான் என்று பெயர், ஏ.ஏ.வைத் தொடங்கிய பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951-இல் தோழி ஒருவரோடு சேர்ந்து தொடங்கியது. கணவனை எப்படித் திருத்துவது என்று அங்கே சொல்லித்தர மாட்டார்கள். அவர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் நீங்கள் எப்படித் தூங்குவது, பிள்ளைகளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதைத் தங்கள் அனுபவத்திலிருந்து பேசுவார்கள். என் மனைவி எனக்கு எட்டு மாதம் முன்னாலேயே அங்கே போகத் தொடங்கியிருந்தார். ஆபீசுக்கு எனக்காகப் பொய் சொல்லி லீவ் கேட்பதை ஒரு நாள் நிறுத்தினார். அன்று அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. ஆனால் நான் போனை எடுத்தது அதற்கு அடுத்த வாரம்.

அடி உதை இருக்கும் வீட்டில் கூட்டத்தைவிட உங்கள் பாதுகாப்பு முதலில். பெண்களுக்கான உதவி எண் 181.

நழுவினால்

நடக்கலாம். எனக்கு நான்காவது மாதம் நடந்தது. கூட்டத்தில் இதை ஸ்லிப் என்பார்கள். அப்போது மனது சொல்வது, "இனி எந்த முகத்தோடு அங்கே போவது?" அந்த முகத்தோடுதான் போக வேண்டும். உங்கள் பெஞ்ச் அங்கேயே இருக்கும். நாள் கணக்கு மட்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். கற்றுக்கொண்டது எதுவும் போகாது. மீண்டும் தினமும் குடிக்கத் தொடங்கி பல நாள் ஆகிவிட்டால் மறுபடி டாக்டரைப் பாருங்கள். நிறுத்துவதும் ஆரம்பிப்பதுமாக இருந்தால் ஒவ்வொரு முறையும் வலிப்பும் நடுக்கமும் முன்னைவிடக் கடுமையாக வரலாம்.

இதை இரவில் படிக்கிறவர்களுக்கு

மணி ஒன்பது இருக்கலாம். கூட்டம் முடிந்திருக்கும், கடை பத்து வரை திறந்திருக்கும். 14416-ஐக் கூப்பிடுங்கள். அது டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை. பேசி முடித்ததும் சாப்பிடுங்கள், மோரும் சோறும் போதும். வண்டிச் சாவியை வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள், எதற்கு என்று சொல்ல வேண்டாம். நாளைக்கு உங்கள் ஊர்ப் பக்கம் கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்று இப்போதே பார்த்து ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். காலையில் கை நடுங்கினால் முதலில் ஆஸ்பத்திரி. சாயங்காலம் வேலை முடிந்ததும் அந்தத் தாளில் இருக்கும் முகவரிக்கு வண்டியைத் திருப்புங்கள். கதவு ஓரமாக உட்கார்ந்தாலும் பரவாயில்லை.